முதல் வரி

கடைசி வரியில் மறுபடியும் அவள் குரல் இடறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மப்ளர் சுற்றிய கிழவர் ஒரு விரலை உயர்த்தினார். இன்னொரு தடவை.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவருக்குக் குரல் இல்லை. ஆனால் ஒலிப்பதிவு அறையில் அவர் எப்போதுமே விரல்களால்தான் பேசுவார். இங்கே மட்டும் எதுவும் மாறாதது போலிருந்தது.

“எத்தனை மந்திரிங்களுக்கு ஒரே மூச்சுல படிச்சீங்க. இன்னிக்கு என்னக்கா, விட்டா நான் இங்கேயே ரிட்டயர் ஆயிடுவேன் போல,” என்றான் ஒலிப்பதிவாளன், அவர் பக்கத்திலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை. அவனும்.

பெரிய மனிதர்கள் படுக்கையில் விழுந்தால் வானொலி நிலையத்தில் இரங்கல் உரை தயாராகிவிடும். உயிரோடு இருக்கும்போதே பதிந்து அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

முதல் வரியை மட்டும் பதிவதில்லை. இன்னார் காலமானார் என்ற வரியை அன்றைக்கு நேரலையில்தான் படிக்க வேண்டும். மூச்சுள்ள மனிதனுக்கு அதைப் பதியக் கூடாது. கிழவர் போட்ட விதி.

இரங்கல் செய்தி என்றால் நிலையத்தில் அவள்தான்.

மறுபடியும் படித்தாள். இரவல் மைக்கை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் இந்த ஊரின் முதல் வானொலி நிலையத்தைத் தொடங்கியவர். புயல் கரையைக் கடந்த நாளில், வெள்ளம் புகுந்த கட்டடத்தை விட்டு வெளியேறாமல் விடியும்வரை அறிவிப்புச் செய்தவர். பிறகு கடைசி வரி.

“அவருக்கு மனைவி இருக்கிறார்.”

இந்த முறை இடறவில்லை. கிழவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“வீட்டுக்குப் போலாமாங்க? கஞ்சி ஆறிடும்.”

அவர் தலையசைத்து மறுத்தார். கையிலிருந்த தாளின் உச்சியில் விரலை வைத்தார். முதல் வரி.

“சார், அது…” என்றான் ஒலிப்பதிவாளன். “நீங்க போட்ட ரூல் சார்.”

அவர் அவனைப் பார்க்கவில்லை. அவளுடைய நாற்காலியைச் சுட்டினார். பிறகு உள்ளங்கையை மெல்ல அசைத்தார்.

அன்றைக்கு நீ இங்கே உட்கார வேண்டாம்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

இடறினால் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் இடறவில்லை.