நீல ரிப்பன் அளவு

அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து ரம்பத்தை எடுத்தேன்.

ஏரிக்கரைச் சமையலுக்கென்று அத்தான் செய்த பெட்டி நான்கு விரல் உயரம் கூடுதல். எப்படித் திருப்பினாலும் எங்கள் கார் டிக்கிக்குள் போகாது. பாப்பா வருவதற்குள் மேல்பக்கம் அறுத்துவிட்டால் தப்பித்தோம்.

காலையிலேயே அத்தானிடம் சொன்னேன். உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே, பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். மதியமும் அதையேதான் சொன்னார்.

அளவு தப்புகிற ஆள் இல்லை அவர். தொழிலே லிஃப்ட் பழுதுபார்ப்பது. எதைச் செய்தாலும் சுற்றிலும் ஒரு விரல் இடம் விடுவார். கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். ஆனால் இந்தப் பெட்டிக்கு டேப்பையே தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நீல ரிப்பனை எடுத்து, அதில் பேனாவால் போட்டிருந்த மூன்று கோடுகளை வைத்துத்தான் பிளைவுட்டை அறுத்தார்.

டெய்லர் கடை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்ததோடு சரி.

அக்கா இந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. வேறு கல்யாணமும் ஆகிவிட்டது. நான்தான் போகவில்லை. இரவு ஷிப்ட் வேலையை உதறிவிட்டு வந்த நாளிலிருந்து அத்தான் வீட்டு சோபாவில் கிடக்கிறேன். என்ன உறவென்று இன்னும் அங்கே கிடக்கிறாய் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். அத்தான் கேட்டதில்லை.

பாப்பா அக்காவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவாள். முன்பெல்லாம் விடுமுறைக்கு அப்பாவும் மகளும் ஏரிக்கரையில் காரை நிறுத்தி இரண்டு நாள் தங்குவார்கள். சமையலும் அங்கேயேதான். அது நின்றுபோனது. அக்கா கூப்பிட்டுப் பார்த்தபோதும் பாப்பா வரமாட்டேன் என்றுவிட்டாளாம். அப்பா இல்லாமல் என்ன ஏரி என்று கேட்டாளாம்.

இந்த விடுமுறைக்குப் பாப்பா ஏரிக்குப் போகிறாள் என்று அத்தான் சொன்னபோது, பகலெல்லாம் தூங்குகிற எனக்கே தூக்கம் கலைந்துவிட்டது. நான்கு விரல் கட்டையால் அது கெட்டுப்போக விடுவேனா.

மற்றபடி பெட்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. முன்பலகையை இறக்கினால் சங்கிலியில் நின்று மேசையாகிவிடும். சின்ன கேஸ் அடுப்புக்கு ஓர் அறை. ஒன்றுக்குள் ஒன்று போகும் பாத்திரங்களுக்கு ஓர் அறை. உப்பும் சர்க்கரையும் பாப்பாவின் கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டில். மேல்தட்டில் டம்ளர் உருளாமலிருக்க மூன்று வட்டக் குழிகள்.

அவர், பாப்பா, நான். மதியமே என் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து மூன்றாவது குழியில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அது உனக்கில்ல மச்சான்" என்றார் அத்தான். டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தார்.

கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். ஏரிக்குக் கூட்டிப்போகிற அளவுக்கு நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை.

இப்போது அவர் குளித்து வருவதற்குள், பென்சிலால் பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டேன். ரம்பத்தைக் கோட்டின்மேல் வைத்தேன்.

வாசலில் ஹாரன்.

பாப்பாவை விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அக்காவின் கணவருடைய கார். முன்சீட்டில் அக்கா. அவர் இறங்கி, எப்போதும்போல, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். பாப்பா உள்ளே ஓடிவந்தாள்.

ஒரு சடையில் நீல ரிப்பன். இன்னொரு சடையில் ரப்பர் பேண்ட்.

ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

அத்தான் ஈரத்தலையோடு வந்தார். பென்சில் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மற்றதைக் கண்ணால் காட்டினார். தூக்கினோம். டிக்கி திறந்து கிடந்த எங்கள் காரைத் தாண்டி நடந்தார். நானும் நடந்தேன். பெட்டியின் மறுமுனையில் இருப்பவன் வேறெங்கே போவான்.

பாப்பா முன்னால் ஓடி அந்தக் காரின் டிக்கியைத் திறந்தாள்.

பெட்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. சுற்றிலும் ஒரு விரல்.

அளந்து கொடுத்தவள் நகத்தைக் கடித்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

அத்தான் அக்காவின் கணவரை அருகே கூப்பிட்டார். "காத்து வர்ற பக்கமாப் பெட்டியை வச்சு மறைச்சுக்கங்க. அடுப்பை அவளே பத்த வைக்கட்டும், அவளுக்குத் தெரியும்."

அவர் சரிங்க என்று இரண்டு முறை சொன்னார்.

குளித்து மாற்றிக்கொண்ட சட்டையின் பையிலும் அதே ரிப்பன் இருந்தது. அத்தான் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு அதைப் பாப்பாவின் சடையில் கட்டினார். முடிச்சு சரியாக வரவில்லை. அவிழ்த்துக் கட்டினார். அப்போதும் வரவில்லை. பாப்பா அசையாமல் நின்றாள்.

அக்கா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, சாப்பிட்டாயா என்று என்னைத்தான் கேட்டாள்.

கார் போனது. பின்சீட்டில் இரண்டு நீல ரிப்பன்கள் தெரிந்தன, ஒன்று கோணலாக.

அத்தான் மரத்தூளைப் பெருக்கினார். நான் எங்கள் டிக்கியை மூடிவிட்டு உள்ளே வந்தேன். ஜன்னலில் என் டம்ளர் இருந்தது.

பக்கத்தில் அத்தானுடையதும் இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.