கூடுதலாக ஒரு விளக்கு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேலேறி வருபவர்களின் தொப்பி விளக்குகளை வாங்கி மாட்டுவதுதான் விளக்குக்காரரின் வேலை. அன்று ஒரு விளக்கு கூடுதலாக இருந்தது. வாரில் வியர்வை ஈரம். மேலே அவருடைய மகனின் பெயர். மகனோ தொட்டிலில் கிடக்கிறான்.

மேஸ்திரியிடம் கேட்டார்.

“உன் பையன்தானேப்பா? கெட்டிக்காரன். உன்னை மாதிரி தூங்குமூஞ்சி இல்ல.”

வீட்டுக்கு ஓடினார். “இந்த ஊர் என்னை முழுங்கினது போதும்டி, கிளம்பு. பிள்ளையையாவது காப்பாத்துவோம்.”

“நிரந்தர வேலைங்க! வேற ஊர்ல யாரு தருவா?” என்றாள் மனைவி.

அவளையும் சந்தேகமாகப் பார்த்தபடி பிள்ளையைத் தூக்கினார். பிஞ்சு உள்ளங்கைகள் இரண்டிலும் கரி.

அந்தச் சுரங்கத்தை மண் போட்டு மூடியது விளக்குக்காரர் பிறப்பதற்கு முன்பு.