ஏழாம் நாள் ரிப்போர்ட்

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே, எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய பந்தலில், பன்னிரண்டு மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்து அன்றோடு ஏழு நாள்.

“நிலைமை மோசம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர். எல்லாரையும் தூக்கி வேன்ல போட்டுடறேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அரசு டாக்டர் ஹபீபுல்லா உதட்டைப் பிதுக்கினார். “எப்படி சார் எழுதறது? பிரஷர், பல்ஸ் எல்லாமே நார்மல்.”

“அப்போ திருட்டுத்தனமா சாப்பிடறாங்க!”

“இல்லையே, வெயிட் குறைஞ்சிருக்கு.”

“ஒருத்தருக்காவது மயக்கம் வரக்கூடாதா?” இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

வயிற்றில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்த மாணவி பிலோமினா நிமிர்ந்தாள். “சார், ஏழு நாள் பட்டினி, பன்னிரண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு உள்ளதை எழுதுங்க. கையெழுத்து, சீலோட ஒரு காப்பி எங்களுக்கும் வேணும்.”

“உனக்கு எதுக்கும்மா அது?”

“உபவாசம் எங்க இயற்கை மருத்துவக் காலேஜ்ல மூணாம் வருஷப் பாடம் சார். எவ்வளவு தண்ணி குடிக்கணும், எப்போ நிறுத்தணும்னு படிச்சிட்டுத்தான் உட்கார்ந்திருக்கோம். இயற்கை மருத்துவம்லாம் ஒரு படிப்பா, உங்களை டாக்டரா பதிவு பண்ண முடியாதுன்னு கவர்மென்ட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

ஹபீபுல்லா பேனாவைத் திறந்தார்.

“இதான் சார் எங்க பிராக்டிகல். மார்க்கை நீங்களே போடுங்க!”