எழுபத்து மூன்றாவது திருத்தம்

குடியரசு தினக் கிராமசபையில் ஜெரோம் கையில் மைக் கிடைத்துவிட்டது.

ஒன்றிய அலுவலகத்துக்குப் புதியவன். ஆத்தூரை ஒட்டிய இந்த ஊருக்கு இன்றுதான் முதல்முறையாக வருகிறான். கூட்டத்தைக் கவனித்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் பயிற்சியில் கேட்டதெல்லாம் அவனுக்குத் தொண்டை வரை நிறைந்திருந்தது.

நடு நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு சுருளிவேல் உட்கார்ந்திருந்தார். ஊரே அவரைத் "தலைவரே" என்றது. ஜெரோமும் அப்படியே அழைத்து, சால்வை போர்த்தினான்.

பிறகு பேசினான். அரசியல் சட்டத்தின் எழுபத்து மூன்றாவது திருத்தம்தான் இந்தச் சபைக்குப் பலம் தந்தது. இங்கே யாரும் கேள்வி கேட்கலாம். பெண்களும் தலைவராகலாம்.

"உங்க ஊர்லயும் அப்படி ஒரு நாள் வரும்!"

விரிப்பில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேச்சு எடுபட்டுவிட்டது என்று ஜெரோமுக்குப் பூரிப்பு.

சுருளிவேல் தீர்மானத்தை எடுத்தார். ஊர்க்குளத்து மண்ணைச் செங்கல் சூளைக்கு அள்ளக் கொடுப்பது. எல்லாருக்கும் சம்மதம் என்று அவரே சொல்லி முடித்தார்.

விரிப்பிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மடை மட்டத்துக்குக் கீழ தோண்டிப்புட்டா வயலுக்கு எப்படித் தண்ணி ஏறும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. உக்காரு."

ஜெரோமுக்குச் சுருக்கென்றது. "பேச விடுங்க தலைவரே. அது அவங்க உரிமை."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா என்று அவனுக்குச் சப்பென்று போயிற்று.

மனசில்லாமல் தீர்மானப் புத்தகத்தை நகர்த்தினான். "தலைவர் கையெழுத்துப் போடணும்."

சுருளிவேல் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். விரிப்பை நோக்கி நீட்டினார்.

"மணிமேகலை, வந்து போட்டுட்டுப் போ."

அதே பெண் எழுந்து வந்தாள்.

"இவங்க எதுக்கு?" என்றான் ஜெரோம்.

"இவதான சார் தலைவர். நான் வீட்டுக்காரன்."

ஜெரோம் தான் போர்த்திய சால்வையைப் பார்த்தான்.

மணிமேகலை பேனாவை வாங்கவில்லை. "செத்த எந்திரிங்க. இம்புட்டு நாளும் அடுப்படியில நின்னுக்கிட்டே போட்டாச்சு. சார்தான் உரிமைன்னுட்டாருல்ல, இன்னைக்கு உக்காந்துதான் போடுவேன்."

கையெழுத்து விழுந்தால் சரி என்று சுருளிவேல் சட்டென்று எழுந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டியும் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்தாள். பேனாவை வாங்கி மூடி வைத்தாள். ஜெரோமிடம் மைக்குக்குக் கை நீட்டினாள்.

"குளத்து மண்ணக் குடுக்கலாம்ங்கிறவங்க கையத் தூக்குங்க."

விரிப்பில் ஒரு வளையல்கூடச் சத்தம் போடவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஆளாளுக்கு வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்கள்.

சுருளிவேல் மட்டும் கையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். சும்மா இறக்கக் கூச்சமாக இருந்தது போல.

அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.