முப்பத்தேழு சுவிட்சுகள்

“எட்டு மாசம்மா! மொத்தமும் போச்சு. இந்த மாத்தத்தை எந்தப் புண்ணியவான் கேட்டான்? அவன் உருப்படுவானா?”

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார் ஃப்ளாக் அண்ணன். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் ‘ஃப்ளாக்’ என்று இருநூறு சுவிட்சுகள் உண்டு. எவற்றைப் போட்டால் நிரல் பறக்கும் என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தவர் அவர். எட்டு மாதத் தேடலில் தேறியவை முப்பத்தேழு.

“அன்னிக்கு உலகத்துக்கே சொல்லணும்னு குதிச்சீங்களே அண்ணா,” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“இப்ப மூஞ்சியை எங்க வச்சுக்கறது?”

திங்கட்கிழமை கம்பைலரின் புதிய பதிப்பு வந்தது. அதே முப்பத்தேழைப் போட்டால் நிரல் ஆமையாக ஊர்ந்தது.

“மறுபடி தேட விடலையா?”

“அந்த முப்பத்தேழுல ஆரம்பிச்சு மூணு நாளா தேடுது. ஒண்ணும் தேறல. நாலு மணிக்கு மேடம் கூப்பிட்டிருக்காங்க. இதுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணுமான்னு முடிவு பண்ணப் போறாங்களாம்.”

அழுகை முட்டியது. ஐம்பது வயதில் அலுவலகத்தில் அழ முடியுமா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு சுவிட்சும் போடாம ஓட்டிப் பாத்தீங்களா?”

“அதை எவனாவது செய்வானா?” என்று வேண்டாவெறுப்பாக ஓட்டினார்.

அவருடைய பழைய சாதனையைவிட வேகமாக ஓடியது. சுவிட்சே தேவையில்லை என்றால், சுவிட்சு தேடுகிறவர் எதற்கு? மணி மூன்றே முக்கால்.

“முப்பத்தேழையும் கம்பைலர் பண்றவங்களே உள்ள வச்சுட்டாங்கண்ணா. மேல நாமளும் போட்டா மோதுது. அதான் மெதுவாப் போகுது.” அவள் புதிய பதிப்பின் குறிப்பைத் திறந்தாள்.

“எவன் சொல்லிக் குடுத்தான்னு பாரும்மா. எனக்கு வந்த கதி அவனுக்கும் வரணும்!”

படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

‘முப்பத்தேழு சுவிட்சுகளையும் கண்டுபிடித்து, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று எங்களுக்கு எழுதி அனுப்பிய அன்பருக்கு நன்றி’ என்ற வரிக்குக் கீழே இருந்தது, அவருடைய மின்னஞ்சல் முகவரி.