நெட்டைக்கொக்கு

“பால்பல்லுன்னு அசட்டையா இருந்துட்டேன், டாக்டர்” என்றார் கல் உடைக்கும் அப்பா.

“இது நிலைப்பல். பாதிக்கு மேல சொத்தை. பாப்பாவுக்கு என்ன வயசு?”

“ஒன்பதுங்க.”

“அப்போ கவலை வேணாம். இப்பவே பிடுங்கிட்டா, எலும்புக்குள்ள இருக்கிற பின்னாடிப் பல் நகர்ந்து வந்து அந்த இடத்துல உட்காந்துக்கும். வயசு கடந்தா ஓட்டை அப்படியே நின்னுடும்.”

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஒன்பதுக்கு நல்ல உயரம்மா நீ!” என்றார் டாக்டர்.

“கிளாஸ்ல நெட்டைக்கொக்குன்னுதான் கூப்பிடுறாங்க.” மகள் முகத்தைத் தொங்கப்போட்டாள்.

எக்ஸ்ரே வந்தது. பார்த்ததும் டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

“பின்னாடிப் பல்லுக்கு வேர் இறங்கிடுச்சு. இனி சரியா நகராது. இது ஒன்பது வயசு வாய் இல்லை. உண்மையைச் சொல்லுங்க.”

அப்பா தன் காய்ப்பேறிய கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“பதினொண்ணு. ரெண்டு வருஷம் குவாரியில இவ தம்பியைப் பார்த்துக்க வச்சுட்டோம். வயசு ஏறிப்போச்சுன்னு ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்களேன்னு குறைச்சுக் கொடுத்தேன். அப்படியே வாய்க்குப் பழகிப்போச்சு.”

“பிடுங்க வேணாம். வேர் சிகிச்சை பண்ணி இதையே காப்பாத்தப் பார்ப்போம்.”

மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்போ நான் நெட்டை இல்லையாப்பா?”