சத்தம் போடாத மிஷின்

திருமங்கலம் பழைய சாமான் கடையில் நாலாவது மெட்டல் டிடெக்டரையும் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார் அழகுராஜா. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மனைவி ரோகிணிக்கு அவர் பரிசம் போட்ட சங்கிலி, கத்தரித் தோட்டத்தில் தொலைந்து இரண்டு நாளாகிறது. அதை ஆசாரியிடம் அழித்து, கூட ரெண்டு பவுன் சேர்த்துச் செய்து தருவதாக வந்த அவள் தம்பி சோணை, கண்டெடுக்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

"இது நல்லாத்தானே கத்துது மச்சான்?" தன் மோதிரத்தின் மேல் ஒன்றை ஆட்டிக் காட்டினான் சோணை.

"ஆணிக்கும் இப்படித்தான் கத்தும் மாப்ள. தோண்டித் தோண்டித் தோட்டத்துல ஒரு செடி மிஞ்சாது."

கடைசியில், பேட்டரிப் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு பூத்த ஒன்றை எடுத்தார். மோதிரத்துக்கு அது மூச்சே விடவில்லை.

"இது செத்துப்போச்சு மச்சான்."

"சுத்தத் தங்கத்துக்குத்தான் வாய் திறக்கும். உன் மோதிரத்துல செம்பு சாஸ்தி."

கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

சாயங்காலம்வரை சோணை தோட்டம் முழுக்கத் தடவினான். மிஷின் வாய் திறக்கவில்லை. அக்காள் அழுத அழுகையைத் தாங்கமாட்டாமல் பஸ் ஏறிவிட்டான்.

பஸ் மறைந்ததும் ரோகிணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல மிஷினாத்தான் பார்த்து வாங்கிருக்கீக மாமா."

அழகுராஜா மிஷினைச் சாக்குக்குள் திணித்தார்.

"நீங்க போட்டது கவரிங்குனு எனக்குப் போன வருசமே தெரியும். தம்பி வாரேன்னு போன் பண்ணதும், நான்தான் அதைக் கிணத்துல போட்டேன்."